துண்டுப் பெயரும் முழுப் பதிவும்

(லூமுட்டில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் கேட்பதற்குச் சிறியது. ஒரு கணினிப் பதிவேட்டில் ஆயிரம் ஆயிரமாய்ப் பெயர்கள் இருக்கின்றன. ஒருவர் தேடி வருகிறார். அவருக்கு முழுப் பெயர் தெரியாது. பெயரில் ஒரு பாதி தெரியும், ஐ.சி. என்னும் அடையாள அட்டை எண்ணில் ஒரு துண்டு தெரியும். பழைய தோட்டத்தின் பெயரில் ஒரு சொல் தெரியும். அந்தத் துண்டை வைத்து முழுப் பதிவையும் நொடியில் எடுக்க முடியுமா? முடியும் என்றால், அதற்குப் பதிவேட்டை எப்படி அமைக்க வேண்டும்? இதுதான் என் தலைப்பு.

இது கணினிக்காரர் கவலை, நமக்கென்ன என்று நினைக்காதீர்கள். நம் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்கள் பல கை மாறின, துண்டு துண்டாயின, செம்பனையாயின, வீடமைப்புப் பகுதிகளாயின. லயத்தில் அடுத்தடுத்த கதவில் வாழ்ந்தவர்கள் ஈப்போவுக்கும் கிள்ளானுக்கும் ஜொகூருக்கும் சிதறினார்கள். கிராணி எழுதிய செக்ரோல் என்னும் தொழிலாளர் பதிவேடும், கோயில் வரிக் கணக்கும், பள்ளிக்கூடச் சேர்க்கைப் பதிவும் ஆங்காங்கே பெட்டிகளில் கிடக்கின்றன. அவற்றைக் கணினியில் ஏற்ற வேண்டும் என்ற ஆசை இன்று பல ஊர்களில் எழுந்திருக்கிறது. நல்ல ஆசை. ஆனால் ஏற்றினால் மட்டும் போதுமா? ஏற்றியதை எடுக்க வேண்டாமா?

சுட்டுப்பட்டியல் என்கிறோமே, ஆங்கிலம் படித்தவர்கள் இண்டெக்ஸ் என்கிறார்களே, அது செய்யும் வேலை என்ன? பதிவுகளைத் தொடாமல், அவற்றின் ஒரு பகுதியை மட்டும் வரிசைப்படுத்தித் தனியே வைத்துக்கொள்கிறது. வரிசை இல்லாவிட்டால் பத்து லட்சம் பதிவுகளில் ஒன்றைத் தேட, பத்து லட்சத்தையும் புரட்ட வேண்டியிருக்கும். வரிசை இருந்தால் நடுவில் பார், மேலா கீழா என்று கேள், பாதியைத் தள்ளு. மீண்டும் நடுவில் பார், பாதியைத் தள்ளு. இருபது முறை இப்படிச் செய்தால் பத்து லட்சத்தில் ஒன்று கையில் வந்துவிடும். போயிங் நிறுவனத்தில் ஆய்வு செய்துகொண்டிருந்த ருடால்ஃப் பேயர், எட்வர்டு மெக்ரைட் என்னும் இருவர் இதைக் கணினி வட்டுக்கு ஏற்றபடி திருத்தி அமைத்தார்கள். பி-மரம் என்ற அந்த அமைப்பைப் பற்றிய அவர்களுடைய கட்டுரை 1972-இல் வெளிவந்தது. இன்றும் பெரும்பாலான தரவுத்தளங்கள் அந்த மரத்தின்மேல்தான் நிற்கின்றன.

ஆனால் வரிசை என்றதும் ஒரு நிபந்தனை வந்துவிடுகிறது. வரிசை இடமிருந்து வலமாகப் போகிறது. முதல் எழுத்து தெரிந்தவனுக்குத்தான் அது வழி காட்டும். முதல் எழுத்து தெரியாமல் நடு எழுத்தோடு வருகிறவனுக்கு அது கை விரிக்கும். அப்படியானால், ஒரு பெயரின் எந்தப் பகுதியை எடுத்து வரிசைப்படுத்துவது? தலையையா, நடுவையா, வாலையா?

இதற்கு விடை நம் ஊரிலேயே இருக்கிறது. மூன்று எடுத்துக்காட்டுகள் சொல்கிறேன்.

முதலாவது, அஞ்சல் குறியீடு. லூமுட்டுக்கு 32200. கடற்படைத் தளத்துக்கு 32100. சித்தியவானுக்கு 32000. பங்கோருக்கு 32300. ஆயர் தாவாருக்கு 32400. முதல் இரண்டு இலக்கத்தை மட்டும் சுட்டுப்பட்டியலில் வைத்தால் போதும், நம் வட்டாரம் முழுக்க ஒரே இடத்தில் திரண்டுவிடும். ஏன் இவ்வளவு எளிதாக நடக்கிறது? இந்த எண்ணை அமைத்தவர் பெரியதை இடப்பக்கமும் சிறியதை வலப்பக்கமும் வைத்தார். அவர் செய்த புண்ணியம், தலைப்பகுதியே நமக்குப் போதுமானதாகிவிட்டது.

இரண்டாவது, நம் தமிழ்ப்பள்ளிகள். நாடு முழுதும் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றின் முழுப் பெயரை மலாயில் எழுதுங்கள்: ‘செக்கோலா ஜெனிஸ் கெபாங்சாஆன் (தமிழ்)’ என்று தொடங்கும். மலாய் எழுத்தில் எண்ணினால், இடைவெளியும் அடைப்புக்குறியும் சேர்த்து முதல் 33 இடங்களும் எல்லாப் பள்ளிக்கும் ஒன்றேதான்! தோட்டப் பள்ளியாக இருந்தால் அதன்பின் ‘லாடாங்’ என்று இன்னும் ஏழு இடம் போய்விடும். இப்போது ஒருவர் இடத்தை மிச்சம் பிடிக்க நினைத்து, பெயரின் முதல் பத்து எழுத்தை மட்டும் சுட்டுப்பட்டியலில் வைக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். என்ன ஆகும்? ஐந்நூறு பள்ளிகளுக்கும் ஒரே முகம்! முப்பது எழுத்து வைத்தாலும் அதே முகம்! பட்டியல் இருக்கிறது, பயன் இல்லை.

அதே பள்ளிகளுக்குக் கல்வி அமைச்சு கொடுத்திருக்கும் குறியீட்டைப் பாருங்கள். பேராக் தமிழ்ப்பள்ளி என்றால் ஏ, பி, டி என்ற மூன்று எழுத்தில் தொடங்கி எண்கள் வரும். ஏ என்றால் பேராக். நம் வண்டிப் பலகையில் இருக்கும் அதே ஏ. மூன்றாவது எழுத்து டி என்றால் தமிழ்ப்பள்ளி. சிலாங்கூராக இருந்தால் பி, பி, டி. பெயரின் 33 எழுத்து சொல்லாததைக் குறியீட்டின் மூன்றே எழுத்து சொல்லிவிடுகிறது. ஒரே பள்ளி, பதிவில் இரண்டு புலங்கள், அதாவது இரண்டு கட்டங்கள். ஒன்றின் தலை வெறும் தலை. இன்னொன்றின் தலையில் மூளை இருக்கிறது.

ஆகவே, எத்தனை எழுத்து எடுக்கலாம் என்பதை ஊகத்தில் முடிவு செய்யக் கூடாது. எண்ணிப் பார்க்க வேண்டும். முதல் ஐந்து எழுத்தில் எத்தனை வேறு வேறு தொடக்கங்கள் வருகின்றன? எட்டில் எத்தனை? பன்னிரண்டில் எத்தனை? அதை மொத்தப் பதிவுகளால் வகுத்துப் பாருங்கள். எழுத்தைக் கூட்டக் கூட்ட அந்த விகிதம் ஏறும். ஓரிடத்தில் ஏற்றம் நின்று சமமாகும். அந்த இடத்தில் வெட்டுங்கள். அதற்கு முன்னால் வெட்டினால் கூட்டம் பிரியாது. அதற்குப் பின்னால் வெட்டினால் இடம் வீண்.

மூன்றாவது எடுத்துக்காட்டு, உங்கள் ஒவ்வொருவர் பணப்பையிலும் இருக்கிறது. அதுதான் ஐ.சி. 1990 முதல் நமக்கு 12 இலக்க எண். முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி: ஆண்டு, மாதம், நாள். அடுத்த இரண்டு பிறந்த இடம், பேராக்குக்கு 08. இறுதி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். ஒரே புலத்துக்குள் எத்தனை செய்திகள்!

இந்தப் புலத்தின் தலையை வைத்து, ‘1962-ஆம் ஆண்டு பிறந்தவர்கள் யார் யார்’ என்று கேட்டால் விடை சட்டென்று வரும். ‘பேராக்கில் பிறந்தவர்கள் யார்’ என்று கேளுங்கள். வராது! ஏன்? 08 என்பது ஏழாவது, எட்டாவது இடத்தில் இருக்கிறது. தலையிலிருந்து போகும் வரிசைக்கு அது தெரியாது. ஒவ்வொரு பதிவாக எடுத்து, ஏழாவது எட்டாவது இடத்தை வெட்டி வெட்டிப் பார்த்தாக வேண்டும்.

வழி என்ன? அந்த இரண்டு இலக்கத்தை மட்டும் வெட்டி எடுத்து, அதற்கென்றே ஒரு சுட்டுப்பட்டியல் போடுவதுதான். போஸ்ட்கிரெஸ் போன்ற தரவுத்தளங்களில் நெடுநாளாகவே இந்த வசதி உண்டு. மைஎஸ்கியூஎல் 2018-இல் வந்த 8.0.13 பதிப்பில் இதை நேரடியாகக் கொடுத்தது. புலத்தைத் தொட வேண்டாம். புலத்திலிருந்து வெட்டிய பகுதிக்கு மட்டும் வரிசை. ஆனால் ஒரு கட்டுப்பாடு: பட்டியல் போடும்போது எப்படி வெட்டினீர்களோ, தேடும்போதும் அப்படியே வெட்ட வேண்டும். அங்கே ஒரு மாதிரி, இங்கே ஒரு மாதிரி வெட்டினால் பட்டியல் பக்கத்திலேயே இருக்கும், தரவுத்தளம் அதைத் திரும்பியும் பார்க்காது.

இதிலும் பள்ளங்கள் உண்டு. ஒருவர் எண்ணை இடையில் கோடு போட்டு எழுதுகிறார், இன்னொருவர் கோடு இல்லாமல் எழுதுகிறார். கோடு போட்டவுடன் ஏழாவது இடம் எட்டாவது ஆகிவிடுகிறது! இன்னொருவர் எண்தானே என்று கணக்குப் புலத்தில் ஏற்றுகிறார். 2003-இல் பிறந்தவரின் முன்சுழியம் காணாமல் போகிறது. பேராக்குக்கு 08 மட்டுமா? 36 முதல் 39 வரையும் பேராக்தான். 08 மட்டும் தேடினால் அந்த எண் உள்ளவர்கள் விடுபட்டுப் போவார்கள். ஆண்டுக்கு இரண்டே இலக்கம் என்பதால் 2005-இல் பிறந்த பேரன் வரிசையில் 1950-இல் பிறந்த தாத்தாவுக்கு முன்னால் நிற்பான். இது எழுத்து வரிசை, வயது வரிசை இல்லை. 1990-க்கு முந்திய பழைய எண்ணோ வேறு அமைப்பு. அதை இதே புலத்தில் போட்டுவிட்டு ஏழாவது இடத்தை வெட்டினால் என்ன கிடைக்கும்? குப்பைதான் கிடைக்கும்.

இனி நம் பெயருக்கு வருவோம். நம் நாட்டில் தமிழர் பெயர் எப்படிப் பதிவாகிறது? தன் பெயர், நடுவில் ‘அ/லெ’ அல்லது ‘அ/பெ’, பிறகு தகப்பன் பெயர். அனாக் லெலாக்கி, அனாக் பெரம்புவான். மலாய் எழுத்தில் அது ‘ஏ/எல்’, ‘ஏ/பி’ என்று நிற்கும். பழைய ஆங்கிலத் தாள்களில் ‘எஸ்/ஓ’, ‘டி/ஓ’ என்றும் இருக்கும்.

இப்போது யோசியுங்கள். சிதறிப்போன குடும்பத்தைத் தேடி வருகிறவர் எதைத் தெரிந்து வைத்திருக்கிறார்? பேரப்பிள்ளையின் பெயரையா? இல்லை. ‘முனியாண்டி பிள்ளைகள் எங்கே?’ என்றுதான் கேட்பார். தகப்பன் பெயர்தான் அவர் கையில் இருக்கும் துண்டு. அது எங்கே இருக்கிறது? புலத்தின் வாலில்! நாம் எதை வரிசைப்படுத்தி வைத்திருக்கிறோம்? புலத்தின் தலையை! கேட்கிறவர் ஒரு வாசலில் நிற்க, நாம் வேறு வாசலைத் திறந்து வைத்திருந்தால் அவர் எப்படி உள்ளே வருவார்?

கேள்வி எங்கிருந்து வருகிறதோ, அங்கிருந்து பட்டியல் தொடங்கட்டும். ‘ஏ/எல்’, ‘ஏ/பி’ என்பவற்றுக்குப் பின்னால் வரும் பகுதியை வெட்டி எடுத்து அதற்கொரு பட்டியல் போடுங்கள். அல்லது தகப்பன் பெயருக்கென்றே தனிப் புலம் வையுங்கள். இரண்டும் நல்லதுதான். இரண்டையும் செய்யாமல் விட்டால், முனியாண்டி பிள்ளைகள் பதிவேட்டுக்குள்ளேயே தொலைந்து போவார்கள்.

சரி, தேடி வருகிறவர் எழுத்துக்கூட்டலை மாற்றிச் சொன்னால்? லெட்சுமி, லட்சுமி, லெச்சுமி, லக்ஷ்மி. ஒரே அம்மாள், நான்கு தாள்களில் நான்கு பெயர்! அமெரிக்காவில் ராபர்ட் ரஸ்ஸல் என்பவர் 1918-இல் சவுண்டெக்ஸ் என்ற முறைக்குக் காப்புரிமை பெற்றார். பெயரின் முதல் எழுத்தை வைத்துக்கொண்டு, மற்ற மெய்யொலிகளை மூன்று இலக்கமாக்கிவிடும் முறை அது. ஆங்கில எழுத்தில் நம் பெயர்களை அதில் போட்டுப் பாருங்கள். லெட்சுமியும் லட்சுமியும் 325 ஆகி ஒன்று சேர்கிறார்கள். லெச்சுமியும் லக்ஷ்மியும் 250 ஆகி வேறோர் இடத்தில் ஒன்று சேர்கிறார்கள். பாதிக் குடும்பம் இங்கே, பாதிக் குடும்பம் அங்கே! அமெரிக்கப் பெயர்களுக்கென்று பிறந்த முறை நம் அம்மாளை இரண்டாகப் பிரித்துவிடுகிறது. நம் பெயருக்கு நாம்தான் முறை காண வேண்டும்.

அதற்கு உதவும் ஒரு வழி மும்மூன்றாக வெட்டுவது. முனியாண்டி என்ற பெயரை ‘முனியா’, ‘னியாண்’, ‘யாண்டி’ என்று மூன்று மூன்று எழுத்தாக வெட்டி, ஒவ்வொரு வெட்டையும் பட்டியலில் வைப்பது. தலை தெரிந்தாலும் சரி, நடு தெரிந்தாலும் சரி, வால் தெரிந்தாலும் சரி, ஏதாவது ஒரு வெட்டு பொருந்தும். ஓரெழுத்து தவறினாலும் மற்ற வெட்டுகள் காப்பாற்றும். விலை உண்டா? உண்டு. பட்டியல் பெருகும், புதிய பெயர் ஒன்றை ஏற்றும்போது பல இடங்களில் எழுத வேண்டிவரும். தோட்டத்துப் பெயரேட்டுக்கு அந்த விலை தாங்கும்.

தமிழிலேயே பெயர்களை ஏற்றப் போகிறவர்களுக்கு ஒரு சொல். லூமுட் என்று எழுதினால் நமக்கு மூன்று எழுத்து. கணினிக்கு? லகரம் ஒன்று, ஊகாரக் குறி ஒன்று, மகரம் ஒன்று, உகரக் குறி ஒன்று, டகரம் ஒன்று, புள்ளி ஒன்று. ஆக ஆறு! யூடிஎஃப்-8 என்னும் குறியேற்ற முறையில் ஒவ்வொன்றும் மூன்று பைட்டு, மொத்தம் பதினெட்டு. முதல் மூன்று எழுத்து போதும் என்று சொன்னால் கணினி ‘லூம’ என்று வெட்டும். முதல் ஓரெழுத்து என்றால் கண்ணனும் காளியும் கிருஷ்ணனும் குப்பனும் ஒரே ககரத்தில் அடைபடுவார்கள். ஆங்கிலப் பெயருக்குப் பத்து இடம் போதும் என்றால் தமிழ்ப் பெயருக்குப் பத்து போதாது. இன்னொன்று: கோ என்ற எழுத்தின் குறியை ஒரே குறியாகவும் ஏற்றலாம், முன்கொம்பும் பின்காலுமாக இரண்டு குறியாகவும் ஏற்றலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று; பட்டியலுக்கு இரண்டும் வேறு. ஏற்றும்போதே ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

அன்பர்களே, சொல்லின் எந்தப் பகுதியை வைத்து வரிசைப்படுத்துவது என்ற இந்தக் கேள்வி கணினியோடு பிறந்ததா? நம் முன்னோர் கேட்காததா? நிகண்டுகளைத் திறந்து பாருங்கள்!

பதினாறாம் நூற்றாண்டில் மண்டலபுருடர் சூடாமணி நிகண்டைச் செய்தார். அதன் பதினோராம் தொகுதியில், ஒரு சொல்லுக்குப் பல பொருள் சொல்லும் பகுதியில், சொற்களை எப்படி வரிசைப்படுத்தினார் தெரியுமா? முதல் எழுத்தால் இல்லை, எதுகையால்! இரண்டாம் எழுத்தால்! பகவன் என்ற சொல் ககர எதுகையில் நிற்கும். ஏன் இரண்டாம் எழுத்து? அந்த நூலைத் தேடி வந்தவர் யார் என்று கேளுங்கள். செய்யுளை மனப்பாடம் செய்கிறவர். எதுகைக்குச் சொல் தேடும் புலவர். அவர் கையில் இருந்த துண்டு இரண்டாம் எழுத்து. அவருக்கு ஏற்ற பட்டியலை மண்டலபுருடர் போட்டார்.

பிறகு 1594-இல் சிதம்பர ரேவண சித்தர் அகராதி நிகண்டு செய்தார். அவர் முதல் எழுத்தை வைத்துச் சொற்களை அகர வரிசையில் அடுக்கினார். சொல்லைக் கண்டு பொருள் தேடி வருகிறவருக்கு அது வழியாயிற்று. அதன்பின் 1732-இல் வீரமாமுனிவர் சதுரகராதி தந்தார். ஒன்றா தந்தார்? நான்கு! சொல்லிலிருந்து பொருளுக்குப் போகப் பெயரகராதி. பொருளிலிருந்து சொல்லுக்குப் போகப் பொருளகராதி. தொகையாக வழங்குவனவற்றுக்குத் தொகையகராதி. எதுகை தேடும் புலவனுக்குத் தொடையகராதி. ஒரே மொழிச் செல்வத்துக்கு நான்கு வாசல்! நம் திருமுறைப் பதிப்புகளின் கடைசிப் பக்கங்களில் பாட்டு முதற்குறிப்பு அகராதி இருக்கிறதே, பாட்டின் முதற்சொல்லை மட்டும் வைத்து முழுப் பாட்டுக்கும் வழி காட்டுகிறதே, அது வேறென்ன? கணினிக்காரர் முன்பகுதிச் சுட்டி என்று சொல்வது அதைத்தான்!

எதுகையும் மோனையும் பார்த்துப் பட்டியல் போட்ட மரபு நம்முடையது. அந்த மரபில் வந்தவர்கள், மென்பொருள் தானாகப் போட்டுக் கொடுத்த ஒரே பட்டியலை வைத்துக்கொண்டு, தேடினால் கிடைக்கவில்லையே என்று கையைப் பிசையலாமா?

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். துண்டை வைத்து முழுப் பதிவை எடுப்பது நமக்கு எளிது என்றால், கெட்ட எண்ணத்தோடு வருகிறவனுக்கும் எளிதுதான். ஐ.சி. எண்ணின் முதல் எட்டு இலக்கத்திலேயே பிறந்த நாளும் பிறந்த மாநிலமும் வெளிப்பட்டுவிடுகின்றன. நம் நாட்டில் 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அது வணிகப் பரிமாற்றங்களைப் பற்றிய சட்டம். தொண்டாகப் பெயர் திரட்டும் நமக்குச் சட்டம் சொல்லும்வரை காத்திருக்க வேண்டுமா? குடும்பத்தைச் சேர்த்து வைக்க ஐ.சி. எண் தேவையா? தகப்பன் பெயரும், தோட்டத்தின் பெயரும், பிறந்த ஆண்டும் போதாதா? தேவையில்லாத புலத்தைப் பதிவேட்டில் ஏற்றவே வேண்டாம். ஏற்றியே ஆக வேண்டும் என்றால் அதன்மேல் தேடும் உரிமையைப் பொறுப்பானவர் இருவருக்கு மேல் கொடுக்க வேண்டாம்.

நிறைவாக, செய்ய வேண்டியதைச் சொல்லி முடிக்கிறேன். பழைய தோட்டங்களின் பெயரேட்டைக் கணினியில் ஏற்ற நினைக்கும் இளைஞர்களே, கணினியைத் திறக்கும் முன் ஒரு நோட்டுப் புத்தகத்தைத் திறங்கள். உங்கள் ஊரின் பெரியவர்களிடம் போய், ‘யாரைத் தேடுகிறீர்கள், என்ன நினைவிருக்கிறது?’ என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதைச் சொன்னபடியே எழுதுங்கள். ஒருவர் தகப்பன் பெயர் சொல்வார். ஒருவர் தோட்டத்துப் பெயரில் கடைசிச் சொல் மட்டும் சொல்வார். ஒருவர் ‘டிண்டிங்ஸ்’ என்பார். லூமுட் வட்டாரம் அந்தப் பெயரில் நீரிணைக் குடியேற்றங்களோடு சேர்ந்திருந்து 1935-இல் பேராக்கிடம் திரும்பியதை நீங்கள் தெரிந்து வைத்திருந்தால்தான் அந்தச் சொல்லுக்கும் ஒரு பட்டியல் வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றும். நோட்டு நிறையட்டும். பிறகு எண்ணுங்கள். எந்தத் துண்டு அதிகம் வந்ததோ, அதற்கு முதல் பட்டியல். அடுத்து வந்ததற்கு அடுத்த பட்டியல். யாருமே கேட்காத துண்டுக்குப் பட்டியல் வேண்டாம். அது இடத்தையும் தின்னும், வேகத்தையும் குறைக்கும்.

முதலில் கேள்விகளைத் திரட்டுங்கள், அதன்பின் பெயர்களைத் திரட்டுங்கள். இந்த வரிசை மாறாமல் வேலை நடந்தால், அரைப் பெயரோடு வருகிற எந்தப் பாட்டியையும் ‘முழுப் பெயர் தெரிந்துகொண்டு வாங்க’ என்று நாம் திருப்பி அனுப்ப வேண்டியிருக்காது. அந்த வேலைக்கு நோட்டுப் புத்தகமும் பேனாவும் போதும்; அடுத்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்கலாம்.